கொம்புக்குள் பஞ்சு

"கொம்பு மாறிப் போயிருக்குமோ, புர்கி?"

"என் கையில எதுவும் மாறாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இருபது வருஷமா வேக வைக்கிறேன். ஒரு ஆட்டுக் கொம்பை இன்னொரு ஆட்டு மண்டையில மாட்ட நான் என்ன குடிச்சிட்டா உட்கார்ந்திருந்தேன்?"

"இல்ல. இல்லேன்னா சரி. அப்ப என் கண்ணுதான்."

பதினொரு வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஊர் விடுதியின் நடைவழியில் நின்று பேசிய பேச்சு அது. சுவரில் ஈரக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே கூடத்தில் பீர்க் கோப்பைகள் இடிபடும் சத்தம். புர்கியின் கணவன் வின்சென்ஸ் அவளை அங்கே தனியாக அழைத்து வந்து கேட்டான். ஒரே ஒரு தடவைதான் கேட்டான். அதன் பிறகு கேட்கவே இல்லை. பேச்சில் கடைசியாக அவன் சொன்ன அந்த மூன்று சொல்லை மட்டும் நோட்புர்கா இன்றுவரை தூக்கித் திரிகிறாள். எல்லோருக்கும் அவள் புர்கி.

வருஷா வருஷம் அந்தப் பள்ளத்தாக்கில் சுட்ட ஒவ்வொரு விலங்கின் மண்டையையும் சுத்தம் செய்து, வெளுத்து, அந்தக் கூடத்தில் பலகையில் மாட்டிக் காட்டியாக வேண்டும். மண்டைகளை வேக வைத்து வெளுத்துத் தருவது புர்கியின் வேலை. மாவட்டத்திலிருந்து மூன்று பேர் வந்து வயதைக் கணிப்பார்கள். சுடத் தக்க விலங்கு என்றால் பச்சைப் பொட்டு. கிழடும் இல்லாமல் குட்டியும் இல்லாமல், இன்னும் ஈன்று வளர்க்க வேண்டிய நடுவயது விலங்கைச் சுட்டிருந்தால் சிவப்புப் பொட்டு. வெள்ளை எலும்பின் நெற்றியில் அந்தச் சிவப்பு, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும்.

வின்சென்ஸ் சம்பளத்துக்கு வேட்டைக்காட்டைப் பார்த்துக்கொண்டவன். இருபத்தாறு வருஷத்தில் அவன் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்ததில்லை. அந்த வருஷம் அவன் சுட்ட பெண் மலையாடு பதினாலு வயதுக் கிழவி என்று எழுதிக் கொடுத்திருந்தான். பலகையிலிருந்த கொம்பில், வயசுக்கு ஒன்றாக ஏறும் வளையம் ஆறுதான் இருந்தது.

"நான் எண்ணினேன்," என்றான் அந்த மூவரிடமும். "அது விழுந்த இடத்துக்குப் போய், வழக்கப்படி அதோட வாயில கடைசி இரையா ஊசியிலைக் கொழுந்து வச்சு, கட்டைவிரலால தடவித் தடவி எண்ணினேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான்: "சட்டியில வெந்து குமரியாயிட்டா போல."

"அந்தச் சட்டி எனக்கு ஒருநாள் வேணும். என் மாமியாரைப் போட்டுப் பார்க்கிறேன்," என்றான் இன்னொருவன்.

கூடமே சிரித்தது. புர்கியின் தம்பி காஸ்பரும் சிரித்தான். அவன் பெயரில் தொங்கிய ஆட்டுக்குப் பதினாலு வளையம், பச்சைப் பொட்டு. தோளைத் தட்டித் தட்டி அவனுக்குப் பழச்சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆடு விழுந்ததா என்று பார்ப்பானே தவிர, கொம்பைப் பார்க்கிற ஆளில்லை காஸ்பர். பல்லிருந்தால் பல் சாட்சி சொல்லியிருக்கும். ஆனால் மலையாட்டுக்கு மேல்தாடையை அறுத்து எறிந்துவிட்டு நெற்றியும் மூக்கெலும்பும் மட்டும் வைப்பதுதான் அங்கே வழக்கம்.

அப்போதுதான் வின்சென்ஸ் அவளை நடைவழிக்கு அழைத்தான். அவளும் சொல்லிவிட்டாள், என் கையில் மாறாது என்று. அவன் தன் கண்ணையும் கட்டைவிரலையும் ஒரு தட்டில் வைத்தான், அவள் சொல்லை ஒரு தட்டில் வைத்தான். அவள் சொல்தான் கனத்தது.

மூன்றாம் நாள் காலையில், வேறொரு மண்டையை வெளுப்பதற்குப் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தபோது புர்கியின் கை அப்படியே நின்றது.

பஞ்சு.

நவம்பரில் வின்சென்ஸ் சுட்ட ஆடும் காஸ்பர் சுட்ட ஆடும் ஒரே நாளில் அவளுடைய வேலைக் கொட்டகைக்கு வந்தவை. மலையாட்டுக் கொம்பு மானின் கொம்பைப் போலன்று. வெந்நீரில் ஊறினால் கறுப்பு மேலுறை தனியாகக் கழன்று வரும், உள்ளே எலும்பு முளை நிற்கும். உறையைக் கழற்றி உள்ளே கழுவி, காயவைத்து, மறுபடி மாட்டவேண்டும். இல்லையென்றால் அழுகி நாறும். மண்டையில் பெயர் அட்டை கட்டியிருக்கும். கழற்றிய உறைக்கு அட்டை கிடையாது. புர்கி அவற்றைச் சன்னல் பலகையில் சோடி சோடியாக நிறுத்தி, அடியில் பெயர் எழுதிய காகிதம் வைப்பாள்.

அன்று அப்படித்தான் வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து காஸ்பர் ஓடிவந்தான், மனைவிக்கு வலி கண்டுவிட்டதென்று. போட்டது போட்டபடி போனாள். மூன்று நாள் தூக்கமில்லாமல் அங்கே கிடந்து, மூன்றாவது பிள்ளையைக் கையில் வாங்கிக் குளிப்பாட்டிவிட்டு வந்தால், தெற்குக் காற்று சன்னலைத் திறந்து போட்டிருந்தது. காகிதங்கள் தரையெல்லாம் கிடந்தன. நாலு உறையும் உருண்டு கிடந்தன. மலையாட்டுக் கொம்பு முதல் ஐந்து வருஷத்திலேயே வளர்ந்து முடிந்துவிடும். பிறகு அடியில் வளையம் மட்டும் மயிரிழையாக நெருங்கி நெருங்கி ஏறும். ஆறு வயசுக்காரிக்கும் பதினாலு வயசுக்காரிக்கும் நீளத்தில் வித்தியாசம் தெரியாது. வளையத்தை எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். எண்ணவில்லை. கண்ணளவில் சோடி சேர்த்து மாட்டினாள். ஒரு சோடி தளர்வாக ஆடியது. உள்ளே பஞ்சைத் திணித்துப் பசை விட்டாள். மற்றச் சோடி முழுதாக இறங்காமல் கொஞ்சம் தூக்கி நின்றது; அழுத்திப் பிடித்தாள். தூக்கக் கலக்கத்தில், ஈரத்தில் உப்பியிருக்கும் என்று நினைத்தாள்.

சொந்தக் கொம்புக்குப் பஞ்சு தேவைப்படாது. அதற்குமுன் இருபது வருஷத்தில் எந்தக் கொம்புக்கும் அவள் பஞ்சு வைத்ததில்லை.

நனைந்த பஞ்சைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் ஓடினாள். சமையலறை மேசையில் வின்சென்ஸும் காஸ்பரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேசைமேல் வேட்டைக் குடிசைகளின் சாவிக்கொத்து.

"வேட்டைக்காட்டுக் குத்தகைக்காரர்கிட்டப் பேசிட்டேன்," என்று வின்சென்ஸ் சொல்லிக்கொண்டிருந்தான். "பதினாலுன்னு நெனச்சு ஆறைச் சுடுறவன் கையில துப்பாக்கி இருக்கக்கூடாது. நாளைக்கு மானுன்னு நெனச்சு மனுஷனைச் சுடுவேன். உனக்கு மூணாவது பிள்ளை வந்திருக்கு. மரம் அறுக்கிற ஆலையில இன்னும் எத்தனை நாள் இருப்பே? என் வேலையை நீ எடுத்துக்கோ."

காஸ்பர் அழுதான். முப்பத்தொன்பது வயது ஆண்பிள்ளை, முழங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதான். "மச்சான், நான் இதை மறக்கமாட்டேன்," என்றான்.

புர்கி வாசற்படியில் நின்றாள். வின்சென்ஸ் நிமிர்ந்து, "என்ன?" என்றான்.

"ஒண்ணுமில்ல. சூப் கொதிக்குதான்னு பார்க்க வந்தேன்."

பஞ்சு ஏப்ரன் பையில் போனது.

*

வின்சென்ஸ் பால் கூட்டுறவில் பாலாடைக்கட்டியைக் கழுவி அடுக்கும் வேலைக்குப் போனான். குறை சொல்லவில்லை. குடிக்கவில்லை. ஒன்று மட்டும் மாறியது. எதைப் பார்த்தாலும் அவளைக் கேட்டான்.

"புர்கி, அந்தச் சரிவுல நிக்கிறது மானா, அடிமரமா?"

"அடிமரம்."

"அப்படியா. எனக்கு மான் மாதிரி இருந்துச்சு."

மாடு மேய்ச்சலிலிருந்து இறங்கி வந்தால் அவன் எண்ணுவான். பிறகு அவளையும் எண்ணச் சொல்லுவான். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்கும். அப்படியும் அடுத்த வருஷம் கேட்பான். தொலைநோக்கியை அவளிடமே கொடுத்துவிட்டான், "நல்ல கண்ணு இருக்கிறவ வச்சுக்கோ" என்று. அதில் கேலி ஒரு துளிகூட இல்லை. இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளைப் புர்கி தயார் செய்துதான் வைத்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் மெருகேறின. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் காஸ்பரின் மூன்று பிள்ளைகள் கண்முன் வந்து நின்றன. சொன்னால் சாவி கைமாற வேண்டும். சிவப்புப் பொட்டும் கைமாற வேண்டும். அதோடு, அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கு ஏன் சொல்கிறாய் என்ற கேள்விக்கு, நாளாக ஆக, பதில் குறைந்துகொண்டே வந்தது.

இந்த டிசம்பர் தொடக்கத்தில் தண்ணீர்த்தொட்டி அருகே பனிக்கட்டியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். முழங்கைவரை மாவுக்கட்டு. கொட்டகையில் பதினேழு தலைகள் குளிரில் காத்துக்கொண்டிருந்தன.

"சொல்லி அனுப்பிடறேன், வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லி," என்றாள்.

"எதுக்கு? நான் கையா இருக்கேன். நீ வாயா இரு," என்றான் வின்சென்ஸ். "வாய் நல்லாத்தானே இருக்கு? கட்டு ஒண்ணும் போடலையே."

பதினொரு வருஷமாக அந்தக் கொட்டகைக்குள் கால் வைக்காதவன். அன்று காலையில் ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தான்.

அவள் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவன் செய்தான்.

"கொதிக்க விடாதே. அது சூப் இல்ல. எலும்புக்குள்ள கொழுப்பு இறங்கினா அப்புறம் ஆயுசுக்கும் மஞ்சளா வடியும்."

"சிரிக்குது தண்ணி. போதுமா?"

"சிரிக்கக் கூடாது. புன்னகைதான்."

"உன்னை மாதிரி."

"வேலையைப் பாரு."

பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு மூடி அளவு விடவேண்டும், நுரையை எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். வெந்த சதையை மழுங்கிய கத்தியால் வழிக்கவேண்டும். கூர்க்கத்தி எலும்பில் கோடு போட்டுவிடும். கம்பிக் கொக்கியை உள்ளே விட்டு மூளையைக் கலக்கி, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி வெளியே எடுக்கவேண்டும். முதல் நாள் அவன் மூஞ்சியில் தெறித்தது. "உங்க ஊர்க்காரங்களுக்கு மூளை இவ்வளவுதானா?" என்றான் துடைத்துக்கொண்டே, அந்தத் தலை அவள் பிறந்த ஊர்க்காரர் சுட்ட கலைமானுடையது. அவள் சிரித்துக் கட்டு வலித்தது. வெளுக்கும் பெராக்சைடில் நனைத்த பஞ்சை எலும்பின்மேல் பத்துப் போடுவதுபோல் ஒட்டும்போது, "கொம்புல படாம. பட்டா நரை விழுந்துடும்," என்றாள். அவன் கொம்பின் அடியை அவ்வளவு கவனமாக விலக்கி ஒட்டினான், குழந்தையின் கண்ணில் சோப்பு படாமல் தலை குளிப்பாட்டுகிறவனைப்போல.

மத்தியானம் கொட்டகையிலேயே ரொட்டியும் புகையில் உலர்த்திய பன்றி இறைச்சியும். அவள் இடது கையால் தடுமாறுவதைப் பார்த்து மெல்லிசாக நறுக்கி நீட்டினான். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்ந்ததில்லை என்று தோன்றியது அவளுக்கு. இன்னும் இருபது தலை வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

ஐந்தாம் நாள் காஸ்பர் நொண்டிக்கொண்டே வந்தான். முட்டி தேய்ந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டான், புது வருஷத்தில் குடும்பத்தோடு கீழே பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறான். கையில் ஓர் அட்டைப்பெட்டி.

"அக்கா, புது வீட்டுச் சுவர்ல ஒண்ணே ஒண்ணுதான் மாட்டலாம்னு வீட்டுக்காரி உத்தரவு. அதனால நம்ம கிழவியைக் கொண்டுவந்தேன். அவளுக்கு மஞ்சக்காமாலை," என்று பெட்டியைத் திறந்தான். நெற்றியெல்லாம் கொழுப்புக் கசிந்து பழுப்பேறிய மண்டை. பச்சைப் பொட்டு வெளிறியிருந்தது. "கொம்பும் ஆடுது பாரு. கழட்டி ஒழுங்கா மாட்டிடு."

"கட்டுப் பிரிச்ச பிறகு செய்றேன். விட்டுட்டுப் போ," என்றாள் புர்கி.

"புது வருஷத்துக்கே வேணும். அதான் மச்சான் இருக்காரே. என்ன மச்சான், மண்டை வேக வைக்கிறதுல அக்காவை மிஞ்சிட்டீங்கன்னு ஊரெல்லாம் பேச்சு?"

"வை," என்றான் வின்சென்ஸ். "வரிசையில வரட்டும்."

அவள் அதை வரிசையில் கடைசியாக வைத்தாள். மேலே ஒரு சாக்கைப் போட்டாள். வரிசை எவ்வளவு நீளமானாலும் முடிந்துதானே ஆகும். மூன்று நாளில் முடிந்தது.

"அதை விடு," என்றாள், அவன் சாக்கை விலக்கியபோது.

"ஏன்?"

"பழசு. பசை போட்டது. உனக்கு வராது. நானே செய்றேன்."

"பதினேழு வந்துச்சு, இது வராதா?" என்று சிரித்தான். "என் கையை நம்பு, புர்கி. கண்ணுதான் சரியில்ல. கை நல்லாத்தான் இருக்கு."

மண்டையைத் தலைகீழாகப் பிடித்து, கொம்பின் அடிவரை வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கினான். பசை இளகக் கால்மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால்மணி நேரமும் அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ சீட்டியடித்தான். பிறகு துணியால் கொம்பைச் சுற்றிப் பிடித்து ஒரு திருகு திருகினான். உறை கழன்றது. அதற்குள்ளிருந்து பழுப்பேறிய பஞ்சுருண்டை ஒன்று சட்டித் தண்ணீரில் விழுந்தது.

"இது என்ன?"



அவன் இரண்டாவது உறையையும் திருகினான். அதிலும் பஞ்சு.

"தளர்வா இருந்துச்சா?" என்றான். "இந்த வாரத்துல எட்டு ஆட்டுக்குக் கொம்பு கழட்டி மாட்டினேன். ஒண்ணுகூடத் தளர்வா இல்லையே." பஞ்சை எடுத்துப் பிழிந்து பார்த்தான். யோசித்தான். பிறகு அவனே சொன்னான்: "சிலது அப்படி இருக்கும்போல. கிழவியில்ல. எலும்பு சுருங்கியிருக்கும். என்ன?"

தலையாட்டினால் போதும். அவன் புதுப் பஞ்சு எடுத்துத் திணித்து, பசை விட்டு, காஸ்பரிடம் கொடுத்தனுப்பிவிடுவான். அந்தக் கொம்பு பட்டணத்துச் சுவரில் போய்த் தொங்கும். அவனும் மறந்துவிடுவான். அவளாகப் பொய்கூடச் சொல்லவேண்டாம். அவனே பொய்யைச் செய்து அவள் கையில் கொடுத்துவிட்டு, சரியா என்று முகத்தைப் பார்க்கிறான். நடைவழியில் நின்று பார்த்த அதே முகம். அந்த முகம்தான் அவளால் இன்னொரு தடவை தாங்க முடியாததாக இருந்தது.

"பரண்ல உன் ஆட்டு மண்டை இருக்கில்ல," என்றாள். "அதை எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"எடுத்துட்டு வா, வின்சென்ஸ்."

அவன் போனான். வர நேரமாயிற்று. செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பிரித்தான். சிவப்புப் பொட்டு மங்காமல் அப்படியே இருந்தது. வெளிச்சம் பட்டால்தானே மங்கும்.

அவள் சொல்லாமலே அதையும் தண்ணீரில் இறக்கினான். உறைகள் கழன்றன. இரண்டு மண்டையும் நாலு உறையும் மேசைமேல் கிடந்தன. அவன் காஸ்பரின் ஆட்டிலிருந்து கழற்றிய உறையை எடுத்துத் தன் ஆட்டின் எலும்பு முளையில் வைத்தான். அழுத்தவில்லை. லேசாகத் திருப்பினான். பிறந்த நாளிலிருந்து அங்கேயே இருந்ததுபோல அது இறங்கி உட்கார்ந்தது. அசைத்துப் பார்த்தான். அசையவில்லை.

கட்டைவிரல் நகம் வளையங்கள்மேல் மெதுவாக ஏறியது. பதினாலு வரை போய் நின்றது. மறுபடி கீழிருந்து ஏறியது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மூணாம் நாள் காலையில."

"எந்த மூணாம் நாள்?"

"பொட்டு வச்ச மூணாம் நாள்."

அவன் கணக்குப் போட்டான். அது முகத்தில் தெரிந்தது. "காஸ்பருக்குச் சாவி குடுத்த அன்னைக்கா?"

"ஆமாம்."

"குடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"மேசைமேல இருந்துச்சு. நான் வாசப்படியில நின்னேன்."

"சூப் கொதிக்குதான்னு பார்க்க வந்ததாச் சொன்னே."

அது அவனுக்கு நினைவிருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அதன்பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். காற்று, காகிதம், பிள்ளைப்பேறு, தூக்கமில்லாத கண், பஞ்சு, ஏப்ரன் பை. கோர்வையாக வரவில்லை. வருஷக்கணக்கில் மெருகேற்றிய வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. காஸ்பர் அழுததைச் சொன்னாள். பிள்ளைகளைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது காரணம்போலவும் இல்லை, சாக்குப்போலவும் இல்லை; யாரோ ஒருத்தியின் வேலையில் நேர்ந்த பிசகைப்போல் இருந்தது.

"காஸ்பருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"உன் தம்பி வீடுதான் உனக்கு வீடு," என்றான். அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. அடுத்த நிமிஷமே, "சரி, மூணு பிள்ளை," என்று தானே முணுமுணுத்தான்.

அடுப்பை அணைத்தான். சட்டித் தண்ணீரைக் கொண்டுபோய் வெளியே ஊற்றிவிட்டு வந்தான். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னான்:

"டிக்ஸியை நான் பார்த்தேன்."

டிக்ஸி அவர்களுடைய வேட்டை நாய். துப்பாக்கியை விட்ட பிறகும் அவன் விடாதது நாய் வளர்ப்பது ஒன்றுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் அக்டோபரில் காணாமல் போனது. பாறையிலிருந்து விழுந்து அங்கேயே உடனே செத்துக் கிடந்தது என்று அவன்தான் அவளிடம் சொல்லியிருந்தான்.

"பார்த்தேன்னா?"

"காணாமப் போன மறுநாள் காலையில. பால் கூட்டுறவுக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன். எதிர்மலையில, கல் சரிஞ்சு கிடக்கிற இடத்துல, பழுப்பா ஒண்ணு. அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. தலையைத் தூக்கின மாதிரி." ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான், வரவில்லை, விட்டுவிட்டான். "உன்னைக் கூப்பிட்டுக் காட்டலாம்னு பார்த்தேன். நீ காஸ்பர் வீட்டுல இருந்தே, பிள்ளைக்குக் காய்ச்சல்னு. சரி, கல்லாத்தான் இருக்கும், என் கண்ணுக்கு எதுதான் சரியாத் தெரிஞ்சுதுன்னு உள்ள போய்ப் பாலாடைக்கட்டியைக் கழுவினேன். மூணாம் நாள் இடையன் கண்டுபிடிச்சான். அதே இடத்துல. கால் ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டியிருந்துச்சு. விழுந்து சாகலை, புர்கி. நான் போய்த் தூக்கினப்ப உடம்புல சூடு இருந்துச்சு."

புர்கி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை அவன் நாயைத் தோட்டத்து மூலையில் புதைத்ததும், அவள் தோளைத் தொட்டதும், அவன் "வயசாயிடுச்சு அதுக்கும்" என்று சொன்னதும் ஞாபகம் வந்தன. டிக்ஸிக்கு அப்போது ஆறு வயது. அதைக்கூட அவள் அன்று கணக்குப் பார்க்கவில்லை.

மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லை வைக்க அந்த மேசையில் இடமில்லை.

அவன் குழாயைத் திறந்து கை கழுவினான். சோப்புப் போட்டு, விரல் விரலாக, நகக்கண்ணில் ஒட்டிய கொழுப்பு போகும்வரை கழுவினான். ஆணியில் தொங்கிய துண்டில் துடைத்தான். தொப்பியை எடுத்தான். போகிறான் என்று அவள் நினைத்தாள். போகட்டும், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகட்டும், கேட்க எனக்கு வாயில்லை என்று நினைத்தாள்.

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்து, இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். முட்டியோடு முட்டி இடிக்கிற நெருக்கம். கண்கள் சிவந்திருந்தன. அவளைப் பார்க்காமல் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினான்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்," என்றான். "வேட்டை தொடங்குற ஒவ்வொரு வருஷமும் நெனப்பேன். பைத்தியக்காரத்தனம்னு விட்டுடுவேன். நீ தப்புப் பண்ணியிருக்க மாட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படிக் கேக்கறது? ஆனாலும் கேக்கணும்போல இருக்கும். பொய்யாவாவது ஒரு தடவை சொல்ல மாட்டாளான்னு இருக்கும். ஊர் முன்னாடி வேண்டாம். காஸ்பர்கிட்ட வேண்டாம். இங்க, நாம ரெண்டு பேர் இருக்கிறப்ப."

அவன் நிமிர்ந்தான்.

"இப்பப் பொய் சொல்ல வேண்டியதில்லையே. நான் பார்த்தது சரின்னு ஒரு தடவை சொல்லேன், புர்கி."